ஒரு காம்பரா, ஒரு ஆள்

நான் இதுவரை யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. பஸ்ஸில் என் காலை மிதித்தவனிடம்கூட நான்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், என் சொந்த அக்கா வீட்டில் பத்துப் பேரை ஒரே வரியில் இல்லாமல் செய்தேன். (பயப்படாதீர்கள், எல்லாரும் உயிரோடுதான் இருந்தார்கள். அரசாங்கக் கணக்கில்தான் இல்லாமல் போனார்கள். அது அதைவிட மோசம் என்று அக்கா சொல்வாள்.)

என் பெயர் யோகராஜா. பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் புள்ளிவிபர உத்தியோகத்தன். இந்த உத்தியோகம் என்னவென்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் என்னால் சரியாக விளக்க முடிந்ததில்லை. "எண்ணுற வேல" என்று மல்லிகா அக்கா சொல்வாள். "எத எண்ணுறது?" என்று யாராவது கேட்டால், "எல்லாத்தையும்தான்" என்பாள். அப்போது அவள் முகத்தில் வரும் பெருமையைப் பார்த்தால், வானத்து நட்சத்திரங்களுக்கும் நான்தான் பொறுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மா அப்பா போன பிறகு கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வைத்தவள் அவள். பெருமைப்பட அவளுக்கு உரிமை இருந்தது. அதைக் காப்பாற்றும் யோக்கியதை எனக்குத்தான் இல்லை.

இது சில வருஷங்களுக்கு முந்திய கதை. அப்போது எனக்கு முடி நிறைய, மூளை குறைவு. கொழும்பில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் நிரல் எழுதும் பயிற்சிக்குப் போய், கையில் சான்றிதழோடும் தலையில் கனத்தோடும் திரும்பியிருந்தேன். மனிதர்கள் மாதக்கணக்கில் செய்கிற வேலையை இயந்திரத்தைக்கொண்டு நாலு நிமிடத்தில் முடிக்கலாம் என்று அங்கே சொல்லித்தந்தார்கள். மனிதர்கள் வருஷக்கணக்கில் செய்கிற தப்பையும் அதே நாலு நிமிடத்தில் செய்யலாம் என்பதை மட்டும் நானே சொந்தமாகக் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பயிற்சியில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் விரிவுரையாளர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்: "ஓர் அறையில் அதிகபட்சம் எத்தனை பேர் வாழலாம்? ஒரு எல்லை வையுங்கள். அதற்கு மேலே வந்தால் அது தட்டச்சுப் பிழை." ஒருவர் நாலு என்றார். இன்னொருவர் ஐந்து என்றார். கொழும்புப் பெண் ஒருத்தி, "மூன்று, கைக்குழந்தை இருந்தால் நாலு" என்றாள். அடுத்தது என் முறை.

நான் பிறந்து வளர்ந்தது பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தின் கீழ் டிவிசனில், சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் வீட்டு வரிசையில், பத்தாம் நம்பர் லயத்தில். குடும்பத்துக்கு ஒரே அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. அங்கே எங்கள் வீட்டில் ஒன்பது பேருக்குக் குறைந்து நான் பார்த்ததே இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது, "ஆறு" என்று வந்தது. அந்த ஆறுக்கே விரிவுரையாளர் புருவத்தை உயர்த்தினார். "சரி, மிகத் தாராளமாக ஒன்பது என்று வைத்துக்கொள்வோம்" என்று பலகையில் எழுதினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. அலுவலகத்திலும் நான் "பசறை டவுன் ஆள்" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். லயத்தில் பிறந்தவன் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

இப்போது அக்கா வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன், தயவுசெய்து யாரும் நான் பின்னால் செய்ததுபோல் கடைசி இலக்கத்தை வெட்டிவிடாதீர்கள். அக்கா, அத்தான், அவர்களுடைய மூன்று பிள்ளைகள், அத்தானின் அம்மா, அத்தானின் தம்பி, தம்பி பெண்சாதி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், கல்யாணம் கட்டாத ஒரு சித்தப்பா. ஆக, ஒரு காம்பராவில் பதினொரு பேர். படுத்தபடி திரும்ப வேண்டுமென்றால் எல்லாரும் சேர்ந்துதான் திரும்ப வேண்டும். சித்தப்பாவுக்கு வெளித் திண்ணையில், இஸ்தோப்பில் பாய். சாரல் அடித்தால் உள்ளே வந்து கதவில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார்.

அக்காவின் மூத்த மகள் டிலானி அந்த வருஷம் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. எங்கே உட்கார்ந்து படிப்பது என்பதுதான் அவளுடைய பெரிய பாடம். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளைமடுவத்தில் குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு, அந்தச் சின்னப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து படிப்பாள். "மாமா, எனக்குப் பெரிய வீடெல்லாம் வேணாம். கதவு உள்ள ஒரு ரூமு இருந்தா போதும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

அந்த ரூமுக்கு ஒரு வழியும் வந்தது. தோட்டங்களுக்குத் தனி வீடு கட்டிக் கொடுக்கும் திட்டமொன்று அறிவித்தார்கள். எந்த டிவிசனில் ஒரு காம்பராவுக்கு ஆள் அதிகமோ, அந்த டிவிசனுக்கு முதலில் வீடு. அதைத் தீர்மானிக்க ஒரு கணக்கெடுப்பு. அந்தக் கணக்கெடுப்பு வந்து சேர்ந்த மேசை என்னுடையது. அக்கா வாரத்துக்கு இரண்டு தடவை போன் எடுப்பாள்.

"தம்பி, நம்ம டிவிசன் பேரு வந்திருச்சா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுக்கா. இந்த மொற எல்லாம் கம்ப்யூட்டர்தான் செய்யும். வேண்டியவன் வேண்டாதவன் பார்க்காது."

"அப்பாடா, இனி பயமில்ல" என்றாள் அக்கா. எனக்கு இன்றைக்கும் அந்த "அப்பாடா" காதில் கேட்கும்போது எங்கேயாவது போய்ப் புதைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்துவந்தவர் ஃபரீனா மிஸ். பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். இருபது வருஷமாக ஒரு சிவப்புப் பென்சிலும் ஒரு டெலிபோனும்தான் அவருடைய கருவிகள். படிவத்தில் ஏதாவது உறுத்தினால் வட்டம் போடுவார், தோட்டத்துக்குப் போன் எடுப்பார், கேட்பார், எழுதுவார். அவர் வேலை செய்யும் வேகத்தைப் பார்த்து நான் உள்ளுக்குள் பரிதாபப்படுவேன். (பரிதாபப்பட்ட மூஞ்சியைப் பார்!)

படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு நான் முதல்முறை பார்த்தபோது ஒரு பிழை கண்ணில் பட்டது. ஒரு காவல்காரரின் அறை. ஆள் பதினொன்று என்றிருந்தது. படிவத்தை எடுத்துப் பார்த்தால் ஒன்று. அலுவலகத்து விசைப்பலகையில் ஒரு எழுத்தை அழுத்தினால் சிலவேளை இரண்டாக விழும். அவ்வளவுதான், பிழையின் வேரையே கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்து ஒரு வரி எழுதினேன்: அறை ஒன்று, ஆள் ஒன்பதுக்கு மேல் என்றால் கடைசி இலக்கத்தை வெட்டு. அந்த வரிக்கு மேலே, பின்னால் படிப்பவர்களுக்காக ஒரு குறிப்பும் போட்டேன்: "நடைமுறையில் சாத்தியமில்லை."

ஒரே ஒரு காவல்காரருக்காக. இன்னொரு படிவத்தை எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று எல்லாம் ஒன்றாகிப் போயின. எந்தக் காம்பராவில் நெருக்கடி அதிகமோ, அந்தக் காம்பராவில்தான் ஒற்றை ஆள். இயந்திரம் முணுமுணுக்காமல் நான் சொன்னதைச் செய்தது. சொந்தக்காரர் வீட்டு வரியைத் திறந்து பார்ப்பது உத்தியோக தர்மம் அல்ல என்று நான் அக்காவின் வரியையும் பார்க்கவில்லை. என் நேர்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

அதோடு விட்டேனா? அறிக்கையைக்கூட நிரலே எழுதும்படி செய்திருந்தேன். எண்ணைப் பார்த்து அதற்கேற்ற வசனத்தை அதுவே எடுத்துப் போடும். கீழ் டிவிசனுக்கு அது இப்படி எழுதியது: "இப்பிரிவில் தனித்து வாழ்வோரின் விகிதம் கவலைக்குரியதாகக் காணப்படுகின்றது. அன்னாரது தனிமையைப் போக்க நடவடிக்கை அவசியம்." அன்னாரது! அந்தச் சொல்லை எழுதிய கையை என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

ஃபரீனா மிஸ் அறிக்கையைப் புரட்டிவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, இந்த டிவிசன்ல முந்தி நெறைய ஆளுங்க இருந்தாங்க தானே. இப்ப பாதியும் இல்ல. எங்க போனாங்க?"

"கொழும்புக்குப் போயிருப்பாங்க மிஸ். இடப்பெயர்வு. இப்ப எல்லா இடத்திலயும் இதுதான் போக்கு."

"எல்லாரும் ஒரேயடியாவா? ஒரு போன் எடுத்துக் கேக்கலாமே."

"மிஸ், போன் எடுத்துக் கேக்கத் தேவையில்லாம இருக்கத்தானே இதச் செஞ்சிருக்கேன்."

அவர் "யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சிவப்புப் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அறிக்கை அன்றைக்கே கொழும்புக்குப் போனது.

எங்கள் பணிப்பாளர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர். அரசகரும மொழிப் பரீட்சைக்காகப் புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். அதனால் அவர் பேசும் தமிழ் எங்கள் எல்லாருடைய தமிழையும்விடச் சுத்தமாக இருக்கும். அந்தத் தனிமை வசனத்தைப் படித்துவிட்டு அவர் மனம் உருகிப்போனார். "யோகராஜா, இம்மக்கள் இரவில் யாருடன் உரையாடுவார்கள்?" என்று கேட்டார். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "பாவம்தான் சேர்" என்றேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. பஜாரில் தெரிந்த கடைக்காரர்களிடம் சொல்லி, தனித்து வாழ்வோருக்கு அன்பளிப்புப் பொதிகள் திரட்டினார். ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு போர்வை, பேச்சுத்துணைக்கு ஒரு சின்ன ரேடியோ. வரும் பௌர்ணமிப் போயா தினத்தில் நேரில் போய்க் கொடுப்பது, அன்றைக்குச் செய்தால் புண்ணியம் என்று முடிவானது. எனக்குக் காய்ச்சல் என்றேன். "அவர்களைக் கண்டறிந்தவரே நீங்கள்தான். நீங்கள் இன்றி எவ்வாறு?" என்றார். நான் பயந்தது கணக்குக்காக அல்ல, என் நிரல் தப்புச் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லயத்தில் யாராவது என்னை அடையாளம் கண்டு, "என்னடா யோகா" என்று கூப்பிட்டுவிடுவார்களே என்றுதான்.

போயாவன்று காலையில் வேன் புறப்பட்டது. முன்சீட்டில் பணிப்பாளர், நடுவில் நான், பின்னால் பொதிகள். மூடுபனி. பசறை தாண்டியதும் பணிப்பாளர் பொதி கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலை என்னிடம் நீட்டி, பெயர்களைச் சரியாக உச்சரிக்கச் சொல்லித்தரும்படி கேட்டார். நான் வாசித்துக்கொண்டே வந்தேன். பத்தாம் லயம், நாலாம் காம்பரா, சிவலிங்கம், ஆள் ஒன்று.

சிவலிங்கம் என்பது என் அத்தான்.

கண் மட்டும் கீழே ஓடியது. மூன்றாம் காம்பரா, ஆள் ஒன்று. அங்கே பன்னிரண்டு பேர் என்று எனக்குத் தெரியும், அந்த வீட்டுப் பையன்களோடு உருண்டு புரண்டவன் நான். ஐந்தாம் காம்பரா, ஆள் ஒன்று. அந்த வரி, அந்தக் கடைசி இலக்கம், அந்தக் காவல்காரர், எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. வேன் குலுங்கியதா நான் குலுங்கினேனா என்று தெரியவில்லை.

"நோய்வாய்ப்பட்டுள்ளீர்களா?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"வளைவு சேர். எனக்கு வளைவு ஒத்துக்காது." (பிறந்ததிலிருந்து அந்த வளைவுகளில்தான் போய் வருகிறேன்.)

இந்த இடத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் போனை எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு அக்காவுக்கு அடித்தேன்.

"அக்கா, நான் பெரியவங்கள கூட்டிக்கிட்டு வாறேன். வீட்டுல இருக்குற எல்லாரையும் கொஞ்சம்..."

கோயில் பக்கம் அனுப்பிவிடு என்று சொல்ல வந்தேன். ஆமாம், ஒளித்துவைக்கச் சொல்லத்தான் வந்தேன். கணக்கில் ஒருமுறை இல்லாமல் செய்தது போதாதென்று, நேரிலும் இல்லாமல் செய்யப் பார்த்தேன். மலை மறைத்தது, சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், கிடைக்கவில்லை.

தம்பி பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறான், வீட்டில் எல்லாரையும் என்கிறான். ஒரு அக்காவுக்கு இதற்கு என்ன அர்த்தம்? பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள்! நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொரு பேரும் குளித்து, தீபாவளி உடுப்புப் போட்டு, முகத்தில் பவுடர் அப்பி, நாலாம் காம்பரா வாசலில் உயர வரிசையில் நின்றார்கள். சித்தப்பா சேர்ட்டின் கழுத்துப் பொத்தான்வரை போட்டு மூச்சுமுட்ட நின்றார். வேன் வந்த சத்தம் கேட்டு மற்றக் காம்பராக்களிலிருந்தும் சனம் வந்து குவிந்தது. பத்தாம் லயமே வெளியில் நின்றது.

பணிப்பாளர் இறங்கி நாலாபக்கமும் பார்த்தார். "இவர்கள் எல்லோரும் யாவர்?" என்று என்னிடம் கேட்டார்.

"விருந்தாளிகளா இருக்கலாம் சேர். போயா லீவுதானே."

சொல்லிவிட்டு நான் வேனுக்குப் பின்னால் போய்ப் பொதிகளை இறக்குவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நேரே நாலாம் காம்பராவுக்குப் போனார். அக்கா கும்பிட்டாள்.

"வணக்கம் அம்மா. சிவலிங்கம் என்பவர் இங்கு தனிமையில் வாழ்கின்றாரா?"

"தனியாவா?" அக்கா அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கூடத்தாங்க இருக்காரு. ஏன், வெளிய யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லை அம்மா. இந்த அறையில் ஒருவரே வசிக்கின்றார் என்று எமது கணக்கு கூறுகின்றது."

"ஒருத்தரா? சாமி, பதினோரு பேருங்க. இந்தா நிக்கிறோமே, எண்ணிப் பாருங்க. கணக்கெடுக்குற ஆபிசுலதான் எந்தம்பி எண்ணுற வேல பார்க்கிறான், அவனையே கேளுங்க. டேய் யோகா! அங்க குனிஞ்சுகிட்டு என்னாடா பண்ற? பொண்ணு வீட்டுக்காரங்கள கூட்டிக்கிட்டு வந்துட்டு ஒளிஞ்சு நிக்கிறான் பாரு!"

லயம் முழுக்கச் சிரித்தது. நான் நிமிர்ந்தேன். கையில் ஒரு போர்வைப் பொதி. பணிப்பாளர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராக எண்ணினார். பதினொன்று வந்தது. திரும்பவும் எண்ணினார். அதன் பிறகு பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா என்னிடம் வந்தாள். சிரிப்பு அப்போதும் முகத்தில் மிச்சமிருந்தது. "என்னாடா இது? ஒத்த ஆளுன்னு யாருடா எழுதினா?"

"கம்ப்யூட்டர் எழுதிருச்சுக்கா."

அத்தான் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குத்தான் பேசினார். "கம்ப்யூட்டருக்கு நம்ம வீடு தெரியாது மாப்புள. ஒனக்குமா தெரியாது?"

சிரிப்பு நின்றது. டிலானி வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். "மாமா, தனியா ஒரு ரூமுல இருக்குறது நீங்கதானே?" என்று கேட்டாள். நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே எங்கேயோ குழப்பம் நடந்துவிட்டது என்று நினைத்துக் கேட்டாள். பதுளை ஸ்டேசன் பக்கத்தில் நான் வாடகைக்கு இருந்த அறையில் இரண்டு ஜன்னலும் ஒரு கதவும் இருந்தன.

வந்தவர்களைச் சும்மா அனுப்ப அக்காவுக்குத் தெரியாது. தேத்தண்ணி ஊற்றினாள். பணிப்பாளரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்க இடம் பண்ணுவதற்கு ஏழு பேர் வெளியே போக வேண்டியிருந்தது. அவர் அந்த ஒரே கதிரையில் உட்கார்ந்து, சுவரோடு சுருட்டி வைத்திருந்த பாய்களைப் பார்த்துக்கொண்டே குடித்தார். கொண்டுவந்த பொதியையும் கொடுத்தாக வேண்டும். பதினொரு பேருக்கு ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு போர்வை. "பரவால்லைங்க, மொற வச்சுப் போத்திக்கிறோம்" என்றார் சித்தப்பா, மரியாதையாக.

பதுளைக்கு வந்ததும், லீவு நாள் என்றும் பார்க்காமல் பணிப்பாளர் அலுவலகத்தைத் திறக்கச் சொன்னார். நிரலைக் காட்டச் சொன்னார். அந்த வரியைக் காட்டினேன். மேலே இருந்த குறிப்பை வாசித்தார். "நடைமுறையில் சாத்தியமில்லை." வாசித்துவிட்டு, "இதைத் தீர்மானித்தவர் யார்?" என்றார்.

"நான்தான் சேர்."

"நீங்கள் அந்த வீட்டில் பிறந்தவர் அல்லவா?"

"ஆமா சேர். பத்தாம் லயம்."

அந்த அலுவலகத்தில் நான் அதை உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. கட்டடம் இடிந்து விழவில்லை. யாரும் சிரிக்கவில்லை. இவ்வளவு லேசாகச் சொல்லக்கூடிய ஒன்றைச் சொல்லாமல் இருந்ததற்காகவா இத்தனையும் என்று நினைத்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வரியை அழித்தேன். திரும்ப ஓட்டினேன். கீழ் டிவிசன் பட்டியலின் உச்சிக்குப் போனது. (காவல்காரர் மறுபடி பதினொரு பேரானார். மறுநாள் ஃபரீனா மிஸ் ஒரு போன் எடுத்து இரண்டு நிமிடத்தில் அவரைப் பழையபடி ஒருவராக்கினார்.) திருத்திய அறிக்கை, மன்னிப்புக் கடிதம், பணிப்பாளரின் சிபாரிசு எல்லாம் கொழும்புக்குப் போயின. பதில் வந்தது. வீடு கிடைக்கும் டிவிசன்களின் பட்டியலை ஏற்கெனவே முடிவு செய்து ஒப்பமிட்டாகிவிட்டது. அடுத்த கட்டத்தில் கவனத்தில் எடுக்கப்படும்.

அதைச் சொல்ல நான் பஸ் ஏறிப் போனேன். அக்கா திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, கல்லில் இருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டு, "சரி விடு, சாப்புட்டியா?" என்றாள். அவள் நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். டிலானி அந்தப் பக்கமே வரவில்லை. பிள்ளைமடுவத்தில் படித்துக்கொண்டிருந்தாளாம். ஒரு மாதம் என்னுடைய போனை அவள் எடுக்கவில்லை.

டிவிசனுக்கு மட்டும் பொழுதுபோக்கு கிடைத்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கினாலே, "டேய், கம்ப்யூட்டர் வாறாரு, எல்லாரும் உள்ள போங்க, ஒருத்தன் மட்டும் வெளிய நில்லு" என்று குரல் வரும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது யாராவது ஒருவர், "மொத்தம் ஒரு ஆளுங்க" என்பார்களாம். நான் எனக்குத் தெரிந்த எல்லாக் கதவையும் தட்டினேன். அடுத்த கட்டம், அடுத்த கட்டம் என்று வருஷங்கள்தான் போயின.

டிலானிக்குச் சில புள்ளிகளால் பல்கலைக்கழகம் தவறியது. கதவு உள்ள ஒரு ரூமு இருந்திருந்தால் அந்தப் புள்ளிகள் வந்திருக்குமா? கணக்குத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்த எனக்கு இந்தக் கணக்கு மட்டும் வரவில்லை, வேண்டாம் என்றாலும் போட்டுக்கொண்டே இருக்கிறேன். அவள் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். பிறகு அவளுடைய தம்பி ஒரு சாப்பாட்டுக் கடைக்கு. அத்தானின் தம்பி குடும்பத்தோடு நீர்கொழும்புப் பக்கம் போனார். அத்தானின் அம்மா அந்தக் காம்பராவிலேயே கண்ணை மூடினார். அடுத்த வருஷம் சித்தப்பாவும் போய்ச் சேர்ந்தார். கடைசிப் பிள்ளை பண்டாரவளையில் பள்ளிக்கூட விடுதியில் சேர்ந்தான். தோட்டத்துச் சம்பளம் போதாமல் அத்தானும் கொழும்பில் ஒரு களஞ்சியத்துக்குப் போய், நாள் கிழமைக்கு மட்டும் வந்துபோகிறார். இடப்பெயர்வு என்று நான் ஃபரீனா மிஸ்ஸிடம் வாயில் வந்ததை அளந்தேனே, அது.

அதற்குப் பிறகு வீடு வந்தது. இரண்டு அறை, குசினி, அறைக்கு அறை கதவு. பால் காய்ச்சியபோது எல்லாரும் வந்தார்கள், மறுநாள் எல்லாரும் போனார்கள்.

போன மாதம் புதிய கணக்கெடுப்பின் படிவங்கள் என் மேசைக்கு வந்தன. நிரல் இப்போதும் நான்தான் எழுதுகிறேன். ஆனால் அது எதையும் வெட்டாது, சந்தேகம் வந்தால் "கேட்டுப் பார்" என்று மட்டும் சொல்லும். ஒரு வீட்டில் ஒற்றை ஆள் என்றிருந்தால் கட்டாயம் கேட்கச் சொல்லும். அன்று அது கொடுத்த பட்டியலில் அக்காவின் வீடும் இருந்தது. விதி எல்லாருக்கும் விதிதான் என்று போனை எடுத்தேன்.

"அக்கா, ஆபிசு விசயமா கேக்குறேன். ஒங்க வீட்டுல எத்தன பேரு?"

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள், மூச்சுவிட முடியாமல் இருமல் வரும்வரை சிரித்தாள்.

"ஒரு ஆளுதான்டா தம்பி. நீ அன்னைக்குச் சரியாத்தான் எழுதியிருக்க. என்னா, கொஞ்சம் முந்தி எழுதிட்ட."

அன்று பொழுது சாய்வதற்குள் அவள் இதை டிலானிக்கும், அத்தானுக்கும், பையன்களுக்கும் போனில் சொல்லிவிட்டாள். "முந்தி எழுதிட்டான்" என்பது இப்போது எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சாகிவிட்டது. சோறு வேகுமுன் தட்டை எடுத்தாலும், கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் முன்னால் போய் நின்றாலும், அதுதான். நீர்கொழும்புவரைக்கும் போய்விட்டது. எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, போனில்.